ஓம், வாறன்

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் ஊரில் சீஸ் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்த கோணேசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. அதன் நீளம் இரண்டு வினாடி. அமெரிக்காவில், நியூஜெர்சியில் தொடங்கிய ஓர் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டைப் போட்டால், பாட்டு தொடங்க முன்னம் பழைய கசற் நாடாவின் இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண் "கோணேசா" என்று கூப்பிடுவாள். ஒரு பொடியன் "ஓம், வாறன்" என்பான். உடனே கிற்றார்கள் வெடிக்கும். கூப்பிட்டது கோணேசனின் அம்மா தங்கராணி. பதில் சொன்னது தானேதான் என்று கோணேசன் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

குழுவுக்குப் பெயரே அந்தக் குரலில் இருந்துதான் வந்தது: 'ஓம்வாறன்'. அமெரிக்கப் பிள்ளைகள் அதை இமயமலைச் சாமியார் யாரோ காதுக்குள் ஓதிக் கொடுத்த மந்திரம் என்று நம்பினார்கள். ஒருத்தி மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாள். ஒருவன் அதன் உட்பொருளைப் பற்றி இணையத்தில் மூன்று பக்கம் எழுதினான். மட்டக்களப்பானுக்கு 'ஓம்' என்றால் ஆமாம், 'வாறன்' என்றால் வருகிறேன், அவ்வளவுதான். சோறு ஆறுகிறது, மேலே வா என்று தாய் கூப்பிட, கீழேயிருந்து மகன் சொன்ன பதில். இதில் என்ன உட்பொருள் கிடக்கிறது?

கசற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவன் டிலக்சன். அவன் கிரின்ஸ்டெட்டுக்கு வந்தது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், சித்தப்பா யேசுரட்ணத்தோடு. தாய் மேரிசெலின், படுக்கையில் கிடந்த தன்னுடைய தகப்பனைப் பார்த்துக்கொண்டு முல்லைத்தீவில் நின்றுவிட்டாள். வருசத்துக்கு இரண்டு கடிதம் வரும், சில வருசம் அதுவும் வராது. கோணேசனின் குடும்பம் அதற்கு மூன்று வருசம் முந்தியே மட்டக்களப்பில் இருந்து வந்து, ஊரின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கல் வீட்டில் குடியிருந்தது. வகுப்பில் கறுத்த தலை இரண்டே இரண்டு. வேறு வழியில்லாமல் இரண்டும் கூட்டாளியாகிவிட்டன.

கூட்டான அன்றைக்கே கோணேசனுக்கு வயிறு எரியத் தொடங்கியது. மூன்று வருசம் நாக்கைப் பிரட்டிப் பிரட்டி அவன் படித்த டெனிஷை டிலக்சன் எட்டு மாதத்தில் கதைத்தான். இசை வாத்தியார் பள்ளிக்கூடத்துக் கிற்றாரை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி டிலக்சனிடம்தான் கொடுத்தார். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் தங்கராணி, பெற்ற தாய், மீன் குழம்பில் நடுத்துண்டை எடுத்து அவனுடைய தட்டில் வைப்பாள். தாயில்லாத பிள்ளை என்பாள். தாய் ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாளே, என்ன தாயில்லாத பிள்ளை என்று கோணேசன் முணுமுணுத்துக்கொண்டே வால்துண்டைத் தின்பான்.

வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது. இளைஞர் கிளப்பில் கழித்துவிட்ட டிரம்ஸ் ஒன்றை கோணேசனின் அப்பா மாமாங்கம் கார்க் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். கோணேசன் அடிப்பான், டிலக்சன் கிற்றார் வாசிப்பான். அடித்தான் என்றால் சும்மா சொல்லக் கூடாது, கோணேசன் நன்றாகவே அடித்தான். மாமாங்கத்தின் பிள்ளையார் பாட்டுக் கசற் ஒன்றை எடுத்து, அதன் மேலேயே தங்கள் பாட்டைப் பதிந்தார்கள். அந்த மனிசன் ஒரு கிழமை இரண்டு பேரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தங்கராணி சமையலறையில் நின்று படிக்கட்டுக் கதவைத் திறந்து கூப்பிடுகிற கூப்பாடு நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தக் கூப்பாடும் கசற்றில் ஏறிவிட்டது. அது தொண்ணூற்றேழு.

அடுத்த வருசம் யேசுரட்ணத்தின் மனைவியுடைய அண்ணன், நியூஜெர்சியில் பெற்றோல் நிலையம் வைத்திருந்தவர், எல்லாரையும் அங்கே எடுப்பித்தார். டிலக்சன் போகிற அன்று தங்கராணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "போட்டு வாறன் மாமி" என்றான். கசற்றைத் தரச் சொல்லிக் கேட்டான். கோணேசன் பெரிய மனது பண்ணிக் கொடுத்தான். போய்த் தொலைகிறான், இனி நடுத்துண்டு நமக்குத்தான் என்ற சந்தோசம் உள்ளுக்குள் இருந்தது.

நியூஜெர்சியிலும் ஒரு நிலவறைதான் வாய்த்தது. பள்ளிக்கூடத்தில் டிலக்சனுக்குப் பக்கத்தில் இருந்த மெலிந்த பொடியன் ஒருவன் பாடுவான். அவன் வீட்டு நிலவறையில் நாலு பேர் கூடி வாசிக்கத் தொடங்கினார்கள். டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை. தொண்ணூற்றொன்பது மாசி மாதம் டிலக்சனிடம் இருந்து கோணேசனுக்குக் கடிதம் வந்தது. வா மச்சான், மூன்று மாதத்துக்காவது வா, உன்னுடைய அடியை இவர்களுக்குப் போட்டுக் காட்டினேன், வாயைப் பிளக்கிறார்கள், இருக்க இடம் சித்தப்பா தருவார் என்று எழுதியிருந்தான். இந்தக் கடிதத்தைப் பற்றிக் கோணேசன் ஒரு குஞ்சுக்கும் மூச்சு விட்டதில்லை. கட்டின பெண்சாதிக்குக்கூடச் சொல்லவில்லை. ஆகவே நாம் சொல்லிவிடுவோம்.

அவன் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. போக விருப்பமில்லை என்றும் இல்லை, விருப்பம் என்றும் இல்லை. தொழிற்சாலையில் அப்போதுதான் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அங்கே போனால் டிலக்சன் முன்னால் நிற்பான், தான் பின்னால் இருந்து அடிக்க வேண்டும் என்ற எண்ணமும் குறுக்கே வந்தது. நாளைக்கு எழுதலாம் என்று கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தான். நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் போயிற்று. இன்னொரு கடிதம் வந்தது. ஆள் கிடைத்துவிட்டது மச்சான், குறை நினைக்காதே என்று இருந்தது. அதைப் படித்ததும் கோணேசனுக்குக் கோபம் வந்ததே கோபம். எட்டுக் கிழமைகூடக் காத்திருக்க மாட்டானாமே, நன்றிகெட்ட பயல்!

அதற்குப் பிறகு அந்தக் குழுவின் வளர்ச்சியைக் கோணேசன் பார்த்த மாதிரி வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. இமோ என்று அந்த வகைப் பாட்டுக்குப் பெயர். கிற்றார் வேகமாகப் போகும், அதற்கு மேலே ஒருவன் நெஞ்சைப் பிளந்துகொண்டு கத்துவான். காதலி போய்விட்டாள், அப்பா போய்விட்டார், ஊர் பிடிக்கவில்லை, தன்னையே பிடிக்கவில்லை என்பதுதான் சங்கதி. முதல் தட்டு இரண்டாயிரத்தொன்றில் வந்தது. ஒரு பழைய வான் வண்டியில் மாநிலம் மாநிலமாக ஓடினார்கள், தேவாலய மண்டபங்களிலும் பழைய படை வீரர் சங்கக் கட்டடங்களிலும் வாசித்தார்கள். இரண்டாவது தட்டு அவர்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. ஐந்து பேரும் கறுப்பு உடுப்பு, ஒரு கண்ணை மூடுகிற தலைமயிர். பாடுகிறவன் மழைக்குள் முழங்காலில் நின்று அழுதான். தங்கராணி அதைப் பார்த்துவிட்டு மருமகளிடம், "இந்தப் புள்ளைக்கு ஆரும் செத்துட்டாங்களாகா?" என்று கேட்டாள். பிறகு திரையின் மூலையில் கிற்றாரோடு நின்றவனைக் கண்டுபிடித்து, மெலிந்து போனானே, அங்கே சோறு கிடைக்காதோ என்று கவலைப்பட்டாள். அன்றைக்குக் கோணேசன் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

முதல் இசைத்தட்டை அவன் முதன்முதலில் கேட்டது வைலெ நகரத்தில், ஒரு கடையின் காதொலிப்பானில். அம்மாவின் குரல் தன் பெயரைக் கூப்பிட்டதும் உடம்பு விறைத்துப்போயிற்று. என் அம்மாவை, என் பெயரை, என் நிலவறையை எடுத்து விற்கிறானே என்று முதலில் ஆத்திரம் வந்தது. வாங்கிக்கொண்டு வந்து காருக்குள் இருந்து பதினைந்து தடவை கேட்டான். பதினைந்தாவது தடவை ஆத்திரம் பெருமையாக மாறியது. அட, அமெரிக்கா முழுக்கக் கேட்பது என் குரல் அல்லவா! அதற்குப் பிறகு வேலைத்தலத்தில், பிறந்தநாள் விழாக்களில், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் எல்லாம் இதே கதை. யாராவது ஐயப்பட்டால் அவனிடம் கணக்கான வாதம் இருந்தது. கூப்பிட்டது என் அம்மா, கூப்பிட்டது என் பெயரை, பதில் சொன்னது வேறு எவன்?

அவனுடைய மனைவி விஜிதா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், வாயாடி. இந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கூப்பிட்டா நீங்க எந்தக் காலத்தில பதில் சொன்னீங்க?" என்றாள்.

உண்மைதான். கோணேசனுக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு குணம். கூப்பிட்டால் காதில் விழும், பதில் வராது. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் மூன்று தரம் கூப்பிட வேண்டும். இவனைக் கூப்பிடுவதும் சுவரைக் கூப்பிடுவதும் ஒன்று என்று செத்துப்போன மாமாங்கம் சாகும்வரை சொன்னார். ஆனாலும் விஜிதாவின் பகிடி அவனுக்குச் சுட்டுவிட்டது. இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மகள் துவாரகாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. டென்மார்க்கில் பிறந்த எட்டு வயதுக்காரி. அவளைக் கூப்பிட்டால் "வா?" என்பாள். டெனிஷில் அதற்கு 'என்ன?' என்று பொருள். கூப்பிட்டவளையே வா என்று கூப்பிடுகிறாளே என்று தங்கராணி தலையில் அடித்துக்கொள்வாள். அந்தத் துவாரகா இசைத்தட்டை வகுப்புக்குக் கொண்டுபோய், இது என் அப்பாவின் குரல் என்று போட்டுக் காட்டினாள். வகுப்பே கைதட்டியதாம். அதைச் சொன்னபோது பிள்ளையின் முகம் பூத்திருந்தது.

ஒரு சனிக்கிழமை பேரங்காடியில் ஒரு டெனிஷ்காரப் பெடிச்சி அந்தக் குழுவின் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போனாள். முதுகில் தமிழ் எழுத்து. அமெரிக்காவில் எவனோ அச்சடித்ததில் ற-வுக்குப் பக்கத்தில் ஓர் அரவு, அந்தத் துணைக்கால், கூடிப்போய், 'ஓம் வாறான்' என்று இருந்தது. வருகிறேன் என்பது வருகிறான் என்று ஆகிவிட்டது. கோணேசன் பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். ஓம், அவன்தான் வருகிறான். எங்கே பார்த்தாலும் அவன்தான் வருகிறான், தொலைக்காட்சியில் வருகிறான், கிரின்ஸ்டெட் பேரங்காடிக்குள்ளும் வந்துவிட்டான். நான் சீஸ் பெட்டிக்கு நாடா ஒட்டுகிறேன் என்று நினைத்தான்.

இதில் அவனை அரித்தது ஒரே விசயம். டிலக்சன் எத்தனையோ பேட்டி கொடுத்தான். பெயரின் அர்த்தம் என்ன என்று கேட்காத பேட்டி இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் சிரித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற சத்தம் அது என்பான். யாருடைய வீடு, யாருடைய குரல் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'கோணேசன்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் என்ன, வாய் வெந்துபோகுமா? காசு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அது என் கூட்டாளியின் குரல் என்று ஒரு வார்த்தை. அதற்காகக் கோணேசன் எட்டு வருசம் காத்திருந்தான்.

மூன்றாவது தட்டு விற்காமல் விழுந்தது. பாடுகிறவன் கலியாணம் கட்டினான், கட்டின பிறகு அழுகை சரியாக வரவில்லை என்று எழுதினார்கள். டிரம்ஸ்காரன், கோணேசனுடைய இடத்தில் வந்து குந்தியவன், சண்டை பிடித்துக்கொண்டு விலகினான். அதை வாசித்தபோது கோணேசனின் வயிறு குளிர்ந்தது. மிச்சமிருந்தவர்கள் புதிய ஆள் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் சின்னச் சின்ன மண்டபங்களில் ஒரு சுற்று வருவதாக இரண்டாயிரத்தொன்பது தை மாதம் அறிவித்தார்கள். மே பதினாறாம் திகதி, சனிக்கிழமை, பிரெடெரிசியா. பழைய வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றை மண்டபமாக்கியிருந்தார்கள்.

அந்த வருசம் மே மாதம் எப்படி இருந்தது என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் சனம் ஒரு சின்னக் கடற்கரைத் துண்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. டென்மார்க்கில் ஒவ்வொரு வீட்டிலும் தொலைக்காட்சி அணைக்கப்படாமல் ஓடியது. வேலைக்குப் போனவர்கள் இடைவேளையில் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கார் தரிப்பிடத்துக்கு ஓடினார்கள். தங்கராணி தொலைக்காட்சியின் முன்னாலேயே இருந்தாள். ஒரு நாள் மகனைக் கூப்பிட்டாள், மூன்றாம் தரம்தான் வந்தான்.

"மனே, டிலக்சன்ட தாய் அதுக்குள்ளதானே. என்ன பாடோ தெரியா. ஒருக்கா அவனுக்குப் போன் எடுத்துக் கேளன்," என்றாள்.

கோணேசன் பார்க்கலாம் என்றான். பார்க்கவில்லை. அந்த வீட்டில் எட்டு வருசமாக நல்லதும் கெட்டதும் டிலக்சனுக்கே நடக்கிறது என்று அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. மேரிசெலின் என்று ஒரு மனிசி உண்மையாகவே உயிரோடு, அந்த மணலில், இருக்கிறாள் என்று அவன் ஒரு நிமிசம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் அடுத்த காரியத்தைச் செய்திருக்க மாட்டான் என்றுதான் நம்ப வேண்டியிருக்கிறது.

என்ன செய்தான்? ஒரு மணி நேரம் கார் ஓடி, பிரெடெரிசியாவில் தமிழர் சங்கத்தை நடத்துகிற ஆனந்தராஜாவிடம் போனான். ஆனந்தராஜா யாழ்ப்பாணத்துக்காரர், நியாயமான மனிசன், ஆனால் அந்த நாட்களில் நித்திரை இல்லாமல் நெருப்பாக இருந்தார். நம்முடைய பொடியன் ஒருவன் அமெரிக்கக் கூத்தாடிகளோடு வருகிறான், இங்கே சனம் சாகிறது, அவன் உங்களுடைய ஊரிலேயே பாட்டுக் கச்சேரி வைக்கப்போகிறான் என்று கோணேசன் சொன்னான். எரிகிற வீட்டில் பிடுங்குகிறது என்பது இதுதான். ஆனந்தராஜா உடனே மறியலுக்கு ஆள் சேர்த்தார். கோணேசனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தமிழ்ப் பதாகை எழுதுகிற வேலை அவனிடமே வந்தது. 'எங்கள் சனம் சாகுது. உனக்குப் பாட்டா?' என்று சிவப்பில் எழுதினான். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, பல வருசத்துக்குப் பிறகு தான் ஒன்றை ஒழுங்காகச் செய்ததாக அவனுக்குத் தோன்றியது.

சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு நல்ல வெயில். மண்டபத்து வாசலில் முப்பது தமிழர் நின்றார்கள். கோணேசன் பின்வரிசையில் நின்றான். எதிர்ப்பக்கம் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வான் ஒன்று வந்தது. அதிலிருந்து டிலக்சன் இறங்கினான். கண்ணை மூடுகிற தலைமயிரெல்லாம் வெட்டியிருந்தது. முகத்தில் சவரம் இல்லை. ஆனந்தராஜா முன்னே போய்த் தயார் பண்ணிவைத்த பேச்சைத் தொடங்க முதலே, அவன் பதாகையை வாசித்துவிட்டான்.

"இதை ஆர் எழுதினது?" என்று கேட்டான்.

கோணேசன், வழக்கம்போல, பதில் சொல்லவில்லை.

டிலக்சன் அந்தப் பதாகையை ஆனந்தராஜாவின் கையில் இருந்து மெதுவாக வாங்கினான். இதைத்தான் இரண்டு மாதமாகத் தன் குழுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். தன்னுடைய அம்மா முள்ளிவாய்க்கால் பக்கத்தில் இருந்ததாகவும், பதினொரு நாளாக ஒரு தகவலும் இல்லை என்றும் சொன்னான். சொல்லிவிட்டு வந்து வரிசையில் நின்றான். பாடுகிறவன் வெளியே வந்து தோளைப் பிடித்துக் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். குழு கிற்றார்காரன் இல்லாமல் தொடங்கியது. பத்து வருசம் ஓடிய குழு அன்றைக்கு அந்த வாசலிலேயே முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றாக மேடை ஏறவில்லை.

டிலக்சன் திரும்பிப் பார்த்தபோது பின்வரிசையில் கோணேசனைக் கண்டான். முகம் கொஞ்சம் வெளித்தது. மச்சான் என்றான். மாமி எப்படி இருக்கிறா என்று கேட்டான். நாளைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். அந்த நேரம் பார்த்து மண்டபத்தின் திறந்த கதவுக்குள் இருந்து கசற் இரைச்சல் வந்தது. "கோணேசா" என்று தங்கராணி கூப்பிட்டாள். "ஓம், வாறன்" என்று பதில் வந்தது. முப்பது தமிழரும் நிமிர்ந்தார்கள். கோணேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்தான். ஒருவர்கூட அவன் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் பதாகையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்ற டிலக்சனையே பார்த்தார்கள். ஒரு கிழவி அவன் முதுகைத் தடவினாள். நான் எழுதின பதாகை, என் குரல், இங்கேயும் இவன்தான் முன்னுக்கு நிற்கிறான் என்று கோணேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் உயிரோடு இருக்கிறாளோ இல்லையோ தெரியாமல் நிற்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் அவன். இதற்கு மேலே என்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிலக்சன் வாடகைக் காரில் வந்தான். தங்கராணி அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். துவாரகா ஓடிவந்து, என் அப்பாவின் குரலை நீங்கள் பாட்டில் போட்டிருக்கிறீர்கள் தானே என்று டெனிஷில் கேட்டாள். டிலக்சன் கோணேசனின் முகத்தைப் பார்த்தான். பிறகு பிள்ளையிடம், "யா" என்றான். ஓம் என்று அர்த்தம். பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடினாள். கோணேசனுக்கு உச்சி குளிர்ந்தது. எட்டு வருசம் காத்திருந்த வார்த்தை, ஒரு வழியாக வந்துவிட்டது.

நிலவறையைப் பார்க்க வேண்டும் என்று டிலக்சன் கேட்டான். இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். டிரம்ஸ் ஒரு போர்வைக்கு அடியில் கிடந்தது. பக்கத்தில் துவாரகாவின் பழைய மூன்று சில்லுச் சைக்கிள். டிலக்சன் போர்வையை நீக்கிவிட்டுப் பழைய மரப்பெட்டியின் மேல் இருந்தான், அந்தக் காலத்தில் கிற்றாரோடு இருக்கிற அதே பெட்டி. கோணேசன் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்து குச்சியை எடுத்தான். மேலே படிக்கட்டுக் கதவு திறந்தது.

"கோணேசா!" என்று தங்கராணி கூப்பிட்டாள்.

கோணேசன் பேசாமல் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவு அப்படியே திறந்து கிடந்தது. அப்போது பெட்டியில் இருந்தவன், நினைத்துச் செய்ததல்ல, தலையைக்கூடத் தூக்காமல், வாய்ப் பழக்கத்தில் குரல் கொடுத்தான்.

"ஓம், வாறன்."

அதே குரல். 'ஓம்' கொஞ்சம் இழுபட்டு, 'வாறன்' சட்டென்று அறுந்து விழுகிற அதே குரல். காருக்குள் பதினைந்து தடவையும் பிறகு ஆயிரம் தடவையும் கேட்ட குரல். கோணேசனின் கையில் இருந்த குச்சி மடியில் விழுந்தது. கதவு சாத்துப்பட்டது. தங்கராணிக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னம் ஒவ்வொரு நாளும் நடந்தது இதுதான் என்று கோணேசனுக்கு விளங்கியது. அவள் கூப்பிடுவாள், இவன் சுவர் மாதிரி இருப்பான், அவன் பதில் சொல்லுவான்.

"நீயா?" என்றான் கோணேசன்.

டிலக்சன் தலையைக் குனிந்துகொண்டான். பொறு, பிள்ளைக்கு நான் ஓம் என்றுதானே சொன்னேன் என்றான். அதை மாற்றத் தேவையில்லை என்றான். பேட்டிகளில் ஏன் சொல்லவில்லை என்று கோணேசன் கேட்டான்.

"என்னெண்டு சொல்லுற மச்சான்? வேற ஒருத்தன்ட தாய், வேற ஒருத்தனைக் கூப்பிட, நான் பதில் சொன்னனான் எண்டோ?" என்றான் டிலக்சன். "நீ பேசாம இருப்பாய். எனக்குப் பொறுக்காது. உன்னில எனக்குச் சரியான எரிச்சல். என்னைச் சாப்பிடக் கூப்பிட ஆள் இல்லை. உன்னை ஒவ்வொரு நாளும் கூப்பிட்டவ, நீ வாயே திறக்கேல்லை."

எரிச்சல். அந்தச் சொல் தன்னுடையது என்று கோணேசன் நினைத்திருந்தான். பதினேழு வருசம் அதைப் பத்திரமாக வளர்த்தவன் அவன். மீன் துண்டுக்கு எரிந்தான், கிற்றாருக்கு எரிந்தான், வான் வண்டியில் ஏறி ஊர் சுற்றியதற்கு எரிந்தான். எதிரே இருந்தவன் ஒரு கூப்பிடலுக்காக எரிந்திருக்கிறான். குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்த கடிதம் அவனுக்கு நினைவு வந்தது. அதுவும் ஒரு கூப்பிடல்தான்.

"அந்தப் பதாகையை நான்தான் எழுதினனான்," என்றான் கோணேசன். "ஆனந்தராஜா அண்ணைக்குச் சொன்னதும் நான்தான்."

டிலக்சன் ஓம் என்று தலையாட்டினான். கையெழுத்து அவனுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் இதே நிலவறையில் அவர்களுடைய பாட்டுக்கு வரி எழுதிய கை அல்லவா. அவன் சட்டைப் பையில் தொலைபேசி ஒரு தரம் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்துப் பார்த்தான். பாடுகிறவன்தான் ஏதோ எழுதியிருந்தான். அதைத் திரும்பப் பையில் வைத்தான். அம்மாவிடம் இருந்துதானாக்கும் என்று நினைத்தேன் என்றான். பன்னிரண்டு நாள் என்றான்.

கதவு மறுபடி திறந்தது. தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பின் வாசம் படிக்கட்டில் இறங்கியது. தங்கராணி ஒரு கணம் தயங்கியது மாதிரி இருந்தது. பிறகு, அந்த வீட்டில் ஒரு நாளும் கூப்பிடாத பெயரை, நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டாள்.

"டிலக்சன்! மனே, சாப்பிட வா!"

டிலக்சன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு பெட்டியிலேயே ஒடுங்கிப்போனான். மேலே தங்கராணி காத்துக்கொண்டு நின்றாள். பதில் வராமல் அவள் கதவைச் சாத்த மாட்டாள்.

கோணேசன் எழும்பி வந்து அவன் பக்கத்தில் நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மேலே பார்த்து, இரண்டு பேருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்தான்.

"ஓம் அம்மா, வாறம்."

மேலே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அது யாருடைய குரல் என்று அவளுக்குப் பிடிபட அவ்வளவு நேரம் எடுத்தது. பிறகு, கை கழுவிப்போட்டு வரச் சொன்னாள்.